சின், ஹான், தாங், சோங்: பழைய சீனத்தை எந்த வாசல் வழியாகப் படிக்க நுழைவது?

பழைய சீனத்தின் வரலாற்றைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த அரசமரபிலிருந்து தொடங்கலாம்?" என்பதுதான். பெரும்பாலும் கையில் ஒரு பொது வரலாற்று நூல் இருக்கும். ஷாங், சோ, சின், ஹான் என்று அது வரிசையாகப் போகும். நூறு பக்கம் தாண்டுவதற்குள் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதன்பின் அந்த நூல் அலமாரிக்குப் போய்விடும். நானும் இப்படி ஒருமுறை நின்றுபோனவன். பிறகு தாங் காலத்தை மட்டும் எடுத்து ஓராண்டு படித்தேன். அதிலும் பாதிக்குமேல் புரியவில்லை. ஹானுக்குத் திரும்பி வந்த பிறகுதான் கதவு திறந்தது.

முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு அரசமரபைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. அந்த ஒன்றில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், அரசு எப்படி நடந்தது, புதிய கருவிகள் எப்படிப் பிறந்தன என்ற மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். எந்த ஒன்று என்பதுதான் சிக்கல். தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு பெயர்கள்தான் பரிந்துரைக்கப்படுகின்றன: சின், ஹான், தாங், சோங். நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் சாதாரண மனிதரின் குரல். பேரரசர்களைப் பற்றி எல்லாக் காலத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். உழுதவர், எல்லையில் காவல் நின்றவர், கணக்கு எழுதியவர், பள்ளிக்குப் போன பிள்ளை ஆகியோர் கைப்பட எழுதிய ஏதாவது நமக்குக் கிடைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். என் தராசில் இதற்கே அதிக எடை.

அடுத்து, ஆட்சி கீழ்த்தட்டு வரை தெரிகிறதா என்பது. அமைச்சகங்களின் பெயர்ப் பட்டியலைப் படிப்பதால் ஆட்சி விளங்கிவிடாது. வரி எவ்வளவு, யார் வசூலித்தார், கட்ட முடியாதவர் என்ன ஆனார், தவறு செய்த அதிகாரியை யார் கேட்டார் என்பவை தெரிய வேண்டும்.

மூன்றாவது, கண்டுபிடிப்பு பிறந்த சூழல். காகிதம், அச்சு, திசைகாட்டி, வெடிமருந்து என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். எந்தத் தேவை அதைக் கேட்டது, யார் செலவு செய்தார், பலன் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டால்தான் அந்தப் பட்டியலுக்கு உயிர் வரும்.

நான்காவதாக நுழைவுச் செலவு. நூல்களின் விலையை மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வேறு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எத்தனை அண்டை நாடுகளைப் பின்தொடர வேண்டும், மூலங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பவையும் செலவுதான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாதியில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான ஆசைதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால், இரண்டு பக்கச் செய்திக்காக ஐநூறு பக்கம் படிக்க நேரும். எனவே இதைக் கடைசியில் வைக்கிறேன்.

## சின்: பதினைந்து ஆண்டு, கெட்டியான சட்டம்

கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் அரசு கி.மு. 206இல் இல்லாமல் போனது. எழுத்து, எடை, அளவு, வண்டியின் அச்சு அகலம் வரை எல்லாவற்றையும் ஒரே சீராக்கியது அந்தக் குறுகிய காலத்தில்தான். காலம் சிறியது, பெயர்கள் குறைவு. அவசரத்தில் இருப்பவருக்கு இது பெரிய வசதி.

பேரரசரின் கல்லறையருகே புதைத்த சுடுமண் வீரர் சிலைகளைப் பார்த்து மயங்கித்தான் பலர் சின்னுக்கு வருகிறார்கள். உண்மையான புதையல் வேறிடத்தில் இருக்கிறது. 1975இல் ஹூபெய் மாகாணத்தின் ஷுயிஹுதியில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். அதில் கிடந்தவர் சீ என்ற உள்ளூர் எழுத்தர். அவர் உடலைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள். நம் ஓலைச்சுவடியைப் போலவே நறுக்கி, எழுதி, கயிற்றால் கோத்தவை. பெரும்பாலும் சட்டங்கள். தானியக் களஞ்சியத்தில் எலி வளை மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் பொறுப்பாளருக்கு ஒரு கேடயத்தின் மதிப்பில் அபராதம். இரண்டோ ஒன்றோ இருந்தால் கண்டிப்பு மட்டும். சுண்டெலி வளையாக இருந்தால் மூன்று சேர்ந்து ஓர் எலி வளைக்குச் சமம். உழவு மாட்டின் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் மாட்டுக்காரருக்குப் பத்து அடி. மாட்டை நன்றாக வளர்த்த பண்ணையின் அதிகாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மதுவும் உலர்ந்த இறைச்சியும் பரிசு. அரசின் கண் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரலாற்று நூலும் சொல்லாது.

அதே ஷுயிஹுதியில் இன்னொரு கல்லறையில் இரண்டு மரப்பலகைக் கடிதங்கள் கிடைத்தன. சின் படையில் போர்முனைக்குப் போன ஹெய்ஃபூ, சிங் என்ற சகோதரர்கள் வீட்டுக்கு எழுதியவை. அம்மா சட்டை தைத்து அனுப்ப வேண்டும். ஊரில் துணி விலை அதிகமென்றால் பணமாகவே அனுப்பிவிடுங்கள், இங்கே வாங்கித் தைத்துக்கொள்கிறேன் என்கிறான் ஹெய்ஃபூ. சிங் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டான். வீட்டிலிருந்து பணம் வராவிட்டால் செத்தே போவேன் என்று எழுதி, கடைசியில் 'அவசரம்' என்ற சொல்லை மூன்று முறை போடுகிறான். இருபத்திரண்டு நூற்றாண்டு கடந்தும் அந்த மூன்று சொல் படபடக்கிறது.

இவ்வளவு இருந்தும் சின்னை முதல் வாசலாக நான் பரிந்துரைப்பதில்லை. சட்டச் சுவடிகளைத் தாண்டிவிட்டால், சின்னைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அதை வீழ்த்தி வந்த ஹான் காலத்தவர் எழுதியது. பழைய அரசு எவ்வளவு கொடியதோ, புதிய அரசு அவ்வளவு நியாயமானதாகத் தெரியும். அந்தச் சாய்வை அடையாளம் காண ஹானைத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, சின்னுக்கு நுழைவுச்சீட்டே ஹானில்தான் கிடைக்கிறது. கையில் ஒரு மாதம் மட்டுமே இருப்பவருக்கும், சட்டம் படித்தவருக்கும், நிர்வாகத்தில் வேலை செய்கிறவருக்கும் மட்டும் சின் நல்ல தேர்வு.

## ஹான்: கணக்கும் கண்ணீரும் ஒரே பெட்டியில்

கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை, நடுவில் வாங் மாங் ஆட்சியைப் பறித்த சில ஆண்டுகள் நீங்கலாக, நானூறு ஆண்டு. தொடங்கி வைத்த லியூ பாங் உழவர் குடும்பத்தில் பிறந்து, கீழ்மட்டக் காவல் பொறுப்பில் இருந்தவர். சீனர்களில் பெரும்பான்மையினர் இன்றும் தங்களை 'ஹான்' மக்கள் என்று அழைத்துக்கொள்வது இந்தப் பெயரால்தான்.

வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சாவ் சுவோ என்ற அதிகாரி பேரரசர் வென்னுக்கு ஒரு முறையீடு எழுதினார். ஐந்து பேர் கொண்ட உழவர் குடும்பம். இரண்டு பேராவது அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நூறு மூ நிலத்துக்கு மேல் உழ முடியாது, நூறு ஷி தானியத்துக்கு மேல் விளையாது. வரி கேட்டு ஆள் வரும்போது கையில் தானியம் உள்ளவர் பாதி விலைக்கு விற்கிறார். இல்லாதவர் இரட்டிப்பாகத் திருப்பித்தரும் கடனுக்குக் கையேந்துகிறார். பிறகு நிலம் போகிறது, வீடு போகிறது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விலை போகிறார்கள். ஹானின் நிலவரி விளைச்சலில் முப்பதில் ஒரு பங்கு என்று பாடநூல்கள் புகழும். அது கி.மு. 156 முதல் உண்மைதான். ஆனால் தலைவரி தனி. வயது வந்தவருக்கு 120 காசு, அதுவும் நாணயமாகவே கட்ட வேண்டும். தானியம் மட்டுமே விளைவிக்கிறவர் அறுவடைக் காலத்தில் விற்றே தீர வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். குறைந்த வரி என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

ஆட்சிக்கு வருவோம். கி.மு. 167இல் சுன்யூ யீ என்ற மருத்துவர் குற்றம் சாட்டப்பட்டு, உடலுறுப்பைச் சிதைக்கும் தண்டனைக்காகத் தலைநகருக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அவருக்கு ஐந்து பெண்கள். ஆபத்தில் உதவ ஓர் ஆண்பிள்ளை இல்லையே என்று அவர் திட்டியதாக ஹான் கால வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதுகிறார். கடைசி மகள் தீயிங் அழுதுகொண்டே தந்தையின் பின்னால் சாங்கான் வரை போனாள். செத்தவர் பிழைப்பதில்லை, வெட்டிய உறுப்பு ஒட்டுவதில்லை. திருந்த நினைத்தாலும் வழி இல்லாமல் போகிறது. என்னை அரசு அடிமையாக எடுத்துக்கொண்டு தந்தையை விட்டுவிடுங்கள் என்று மனு எழுதினாள். பேரரசர் வென் உறுப்புச் சிதைப்புத் தண்டனைகளை நீக்கினார். கதை பெரும்பாலான நூல்களில் இத்தோடு முடிந்துவிடும். மாற்றாக வந்த முந்நூறு, ஐந்நூறு பிரம்படிகளில் பலர் செத்தார்கள், அடுத்த பேரரசர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது என்பதையும் ஹான் மூலங்களே சொல்கின்றன. ஒரு சீர்திருத்தம் எப்படிப் பிறந்து, எப்படிப் பிசகி, எப்படித் திருத்தப்பட்டது என்ற மூன்று கட்டமும் கிடைக்கிறது. ஹானை நான் விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

கீழ்மட்ட நிர்வாகத்துக்கு 1993இல் யின்வானில் தோண்டி எடுத்த ஆவணங்களைப் பாருங்கள். தோங்ஹாய் என்ற மாவட்டத்தின் ஆண்டறிக்கை அதில் இருக்கிறது. மக்கள்தொகை 13,97,343. அதிகாரிகளும் எழுத்தர்களும் சேர்ந்து 2,203. ஏறக்குறைய 630 பேருக்கு ஓர் அரசு ஊழியர். கூடவே இன்னொரு வரி: தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் 11,670 பேர். அதாவது ஆயிரத்துக்கு எட்டுப் பேர்! இன்றைய மருத்துவ வசதி இருந்தும் பல நாடுகள் எட்டாத விகிதம் அது. முதியவர்களுக்குச் சலுகை உண்டு, நல்லாட்சி நடக்கிறது என்று மேலே காட்டுவதற்கும் முதியவர்கள் வேண்டும். ஆய்வாளர்கள் இந்த எண்ணை நம்பாததில் வியப்பில்லை. கி.பி. 2ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் 5,95,94,978 என்ற புகழ்பெற்ற எண்ணைப் படிக்கும்போதும் இந்த வரி நினைவில் இருக்கட்டும். அரசு எண்ணை எப்படிப் படிப்பது என்ற பயிற்சி ஹானில் முதல் இரண்டு மாதத்திலேயே கிடைத்துவிடுகிறது.

வடமேற்கில் துன்ஹுவாங் அருகே பாலைவன ஓரத்தில் சுவான்சுவான் என்ற அஞ்சல் நிலையம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துச் சுவடிகள் வெளிவந்தன. அதில் ஒன்று கி.மு. 62ஆம் ஆண்டின் கோழிக் கணக்கு. எந்தத் தூதருக்கு, எந்த அதிகாரிக்கு எத்தனை கோழி சமைத்துப் போட்டோம், மேலிருந்து வந்த கோழி எத்தனை, நாங்களே விலைக்கு வாங்கியது எத்தனை என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பட்டுப் பாதை என்ற பெரிய சொல்லை நான் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கோழிக் கணக்குதான். ஒட்டகங்களும் தூதர்களும் போன பாதையைத் தாங்கி நின்றது இப்படிப்பட்ட சமையலறைகள்.

கண்டுபிடிப்பிலும் ஹான் ஏமாற்றாது. கி.பி. 105இல் அரண்மனை அலுவலர் சாய் லுன் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்து பேரரசரிடம் காட்டினார். அதற்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய காகிதத் துண்டுகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஒரே நாளில் ஒரே மனிதர் கண்டுபிடித்தார் என்ற நினைப்பு இங்கேயே கலைந்துவிடும். கி.பி. 31இல் தூ ஷி என்ற ஆளுநர் இரும்பு உலைத் துருத்தியை ஆற்றுநீரால் இயக்க வைத்தார். 132இல் சாங் ஹெங் நிலநடுக்கம் காட்டும் வெண்கலக் கலம் செய்தார். ஒருநாள் அதிலிருந்து பந்து விழுந்தது, தலைநகர் லுவோயாங்கில் யாருக்கும் அதிர்வு தெரியவில்லை. சில நாள் கழித்துத் தொலைவிலிருந்த லோங்சியிலிருந்து தூதன் செய்தியோடு வந்தான்.

இதோடு, கண்டுபிடிப்பும் ஆட்சியும் மோதிய இடம் ஒன்றும் இருக்கிறது. பேரரசர் வூ காலத்தில் உப்பும் இரும்பும் அரசின் தனியுரிமை ஆயின. கி.மு. 81இல் அது சரியா என்று அரண்மனையிலேயே விவாதம் நடந்தது. ஒரு பக்கம் நிதிப் பொறுப்பாளர் சாங் ஹோங்யாங், மறுபக்கம் நாடெங்கிலுமிருந்து வரவழைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட படிப்பாளிகள். எல்லைப் படைக்குப் பணம் வேறெங்கிருந்து வரும் என்றார் அவர். அரசு உலையில் வார்த்த அரிவாள் புல்லைக்கூட அறுப்பதில்லை, அளவுக்குமீறிப் பெரிதாக இருக்கிறது, அதை வாங்கத் தொலைதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்றார்கள் இவர்கள். அந்த விவாதம் எழுத்தில் இருக்கிறது. அரசு எதை நடத்த வேண்டும், எதைச் சந்தைக்கு விட வேண்டும் என்று இன்று நாம் சண்டை போடுவதை அப்படியே அங்கே கேட்கலாம். கடைசியில் பெரும்பாலானவை அரசிடமே நின்றன; மது விற்பனையின் தனியுரிமை கைவிடப்பட்டது.

செலவு என்ன? நானூறு ஆண்டு நீளம். அரசியாரின் பிறந்த வீட்டார், அரண்மனை அலிகள் என்று இரண்டாம் பாதியில் மாறி மாறிக் கைப்பற்றும் சண்டை, களைப்பூட்டும் பெயர்க் கூட்டம். கவிதையும் ஓவியமும் தேடி வருகிறவருக்குத் தாங், சோங் அளவுக்குத் தீனி இல்லை. தமிழில் நல்ல நூல்கள் குறைவு என்பதால் ஆங்கில வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டும். தமிழ்த் தொடர்புக்காக வருகிறவர்களிடமும் ஒன்று சொல்லிவிட வேண்டும்: ஹான் வரலாற்றில் வரும் ஹுவாங்சி என்ற கடல்கடந்த நாட்டைச் சிலர் காஞ்சி என்பார்கள், அது ஊகத்தைத் தாண்டவில்லை. அதை நம்பி வராதீர்கள்.

## தாங்: ஒளி மிகுந்த வாசல், உயரமான படி

618 முதல் 907 வரை. சாங்கான் அப்போது 84 சதுர கிலோமீட்டர் பரப்பில், மதில் சூழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டைகளாக அமைந்த நகரம். மாலையில் முரசு அடித்ததும் பேட்டைக் கதவுகள் மூடப்படும். அதன்பின் தெருவில் அகப்பட்டவருக்கு இருபது அடி என்பது சட்டம். பாரசீகர், சோக்தியர், கொரியர், ஜப்பானியர், இந்தியர் எல்லாரும் அந்தத் தெருக்களில் நடந்தார்கள். லீ பாயும் தூ ஃபூவும் கவிதை எழுதினார்கள். 868இல் அச்சிடப்பட்ட வஜ்ரசேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூல் இன்றும் முழுமையாக இருக்கிறது. வாங் சியே என்பவர் தன் பெற்றோருக்காக அச்சிட்டுத் தானம் செய்தது.

சாதாரண மனிதரின் குரல் என்ற அளவுகோலில் தாங் ஹானோடு போட்டி போடுகிறது. வடமேற்கே துர்ஃபானில் இறந்தவர்களுக்குப் பழைய அலுவலகக் காகிதங்களைக் கத்தரித்துச் செருப்பும் தொப்பியும் செய்து போட்டுப் புதைத்தார்கள். அந்தச் செருப்புகளைப் பிரித்து ஒட்டவைத்துத்தான் கடன் பத்திரங்களும் வழக்குகளும் படிக்கப்பட்டன. அங்கேயே 710இல் பூ தியென்ஷோ என்ற பன்னிரண்டு வயதுப் பையன் கன்ஃபூசியஸின் பொன்மொழித் தொகுப்பை நகலெடுத்து, கடைசியில் தன் சொந்தப் பாட்டு ஒன்றை எழுதி வைத்திருக்கிறான். இன்றைக்கு எழுதி முடித்தாயிற்று, தாமதம் என்று ஆசிரியர் கோபிக்க வேண்டாம், நாளை விடுமுறை, பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு விடுங்கள் என்பது அதன் பொருள்.

நம் பக்கத் தொடர்பும் உறுதியானது. யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்தார். இரண்டாம் நரசிம்மவர்மன் 720இல் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியது சீனப் பதிவில் இருக்கிறது.

பிறகு ஏன் நான் திணறினேன்? தாங் சட்டத்தொகுப்பின் 502 பிரிவுகளும், தேர்வு முறையும், நிலப் பகிர்வும் ஹானிலிருந்தும் அதற்குப் பின் வந்த முந்நூற்றைம்பது ஆண்டுப் பிளவிலிருந்தும் வளர்ந்தவை. வேர் தெரியாமல் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பௌத்தமும் துருக்கியர், திபெத்தியர் வரலாறும் ஓரளவு தெரியாவிட்டால் பாதிச் செய்தி காதைத் தாண்டிப் போய்விடும். கவிதை நேசித்து வருகிறவருக்கு மொழிபெயர்ப்பில் ஓசை முழுவதும் உதிர்ந்துவிடும்.

எண்களும் பொறி வைக்கும். 754இல் பதிவான மக்கள்தொகை 5.28 கோடி. தளபதி ஆன் லூஷானின் கலகம் முடிந்த பின் 764இல் 1.69 கோடி. மூன்றரைக் கோடிப் பேர் செத்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பெருந்துயரம் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அந்த எண், வரிப் பதிவேட்டில் எஞ்சியவர்களின் எண். வடகிழக்கின் பெரும்பகுதி அரசின் கையைவிட்டுப் போயிருந்தது, ஊர்விட்டு ஓடியவர்களைக் கணக்கெடுக்க ஆளில்லை. யின்வான் அறிக்கையில் கைதேர்ந்தவருக்கு இது உடனே உறைக்கும். தாங்கில் தொடங்குகிறவர் ஏமாறுவார்.

பௌத்தத்தில் ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவர், ஓவியம், இசை, நடைப்பயணம் என்று வருகிறவர், பல்லவர் வரலாறு தெரிந்தவர் ஆகியோருக்குத் தாங் பொருந்தும். அவர்களுக்குப் படியின் உயரம் பாதியாகக் குறைந்துவிடும்.

## சோங்: நமக்கு மிக அருகில் வரும் காலம்

960 முதல் 1279 வரை. மிகப் பழைய காலம் என்று சொல்ல முடியாது. ஆனால் பலர் இதைத்தான் தேர்ந்தெடுக்க விரும்புகிறார்கள், காரணமும் உண்டு. நகரத்து வாழ்க்கை இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் தெரியாது. சாங் செதுவான் வரைந்த ஐந்து மீட்டர் நீள ஓவியத்தின் நடுவில் ஒரு படகு. பாய்மரத்தை இன்னும் முழுதாகச் சாய்க்கவில்லை, பாலம் நெருங்கிவிட்டது. படகோட்டிகள் கழியால் உந்துகிறார்கள், பாலத்தின்மேல் கூட்டம் எட்டிப் பார்த்துக் கைநீட்டிக் கத்துகிறது. தலைநகர் கைஃபெங்கில் நள்ளிரவு வரை நடந்த கடைகள், விடியுமுன் மீண்டும் திறந்தன. தாங்கின் மாலை முரசை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

கண்டுபிடிப்புக்காகவே வருகிறவருக்குச் சோங்கை விட்டால் வேறு இடம் இல்லை. 1040களில் பீ ஷெங் என்ற சாமானியர் களிமண்ணில் தனித்தனி அச்செழுத்துகள் செய்தார். 1044இன் படைநூலில் வெடிமருந்துக் கலவைகள் எழுதப்பட்டன. 1012இல் வறட்சி தாங்கும் சம்பா நாட்டு (இன்றைய வியட்நாம் பகுதி) நெல்லை அரசே விதையாக விநியோகித்தது. 1020களில் சிச்சுவானில் அரசின் காகிதப் பணம் வந்தது. சூ சோங் நீரால் ஓடும் வானியல் கடிகாரக் கோபுரத்தைக் கட்டினார். அரசுத் தேர்விலும் புதுமை: விடைத்தாளில் பெயரை ஒட்டி மறைத்தார்கள்; கையெழுத்தைக் கண்டு யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுத்தர்களை வைத்து எல்லா விடைத்தாள்களையும் நகலெடுத்தார்கள்.

சோழர் தூதுகள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தன. சோங் வீழ்ந்த இரண்டாம் ஆண்டில், 1281இல், சுவான்சோ துறைமுகத்தில் தமிழில் கல்வெட்டு வெட்டும் அளவுக்கு நம் வணிகர்கள் அங்கே வேரூன்றியிருந்தார்கள். தமிழ்த் தொடர்பே முதன்மை என்றால் தயங்காமல் சோங்குக்குப் போகலாம்.

மறைந்த செலவு, சோங்கைத் தனியாகப் படிக்க முடியாது என்பது. வடக்கே லியாவ், வடமேற்கே மேற்குச் சியா, பிறகு சின் என்று தமிழில் அதே பெயராக ஒலிக்கும் சுர்சென்களின் அரசு, கடைசியில் மங்கோலியர். 1005 உடன்படிக்கையின்படி லியாவுக்கு ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பட்டுச் சுருளும் ஒரு லட்சம் தாயெல் வெள்ளியும் போயின. இவர்கள் எல்லாரையும் பின்தொடராவிட்டால் 1127இல் கைஃபெங் ஏன் விழுந்தது என்று புரியாது. இன்னொன்று, செழிப்பைப் பார்த்துக் கண் கூசிவிடும் ஆபத்து. அமைச்சர் வாங் ஆன்ஷி 1069இல் கொண்டுவந்த உழவர் கடன் திட்டம் கந்துவட்டியிலிருந்து விடுவிக்க வந்தது. இலக்கை எட்டுவதற்காக அதிகாரிகள் வேண்டாதவர்மேலும் கடனைத் திணித்தார்கள். ஃபூசோவில் 1975இல் திறந்த ஒரு கல்லறையில் 1243இல் இறந்த ஹுவாங் ஷெங் என்ற பதினேழு வயதுப் பெண் இருந்தாள். பெட்டிபெட்டியாக நேர்த்தியான பட்டாடைகள். பாதங்கள் இரண்டும் துணியால் இறுகக் கட்டப்பட்டிருந்தன. சோங் செழிப்பைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பாதங்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சின் | ஹான் | தாங் | சோங் |
|---|---|---|---|---|
| சாதாரண மனிதரின் குரல் | குறைவு, ஆனால் கூர்மை | மிக நன்று | மிக நன்று, வடமேற்கில் மட்டும் | நகரத்தில் நன்று, சிற்றூரில் மங்கல் |
| கீழ்மட்ட ஆட்சி | சட்டம் தெளிவு | சட்டம், கணக்கு, விவாதம் மூன்றும் | சட்டத்தொகுப்பு சிறப்பு | தேர்வும் சீர்திருத்தமும் சிறப்பு |
| கண்டுபிடிப்பு | அளவுகளைச் சீராக்கல் | காகிதம், நீர்த்துருத்தி, நிலநடுக்கக் கலம் | மரப்பலகை அச்சு | அச்செழுத்து, காகிதப் பணம், கடிகாரம் |
| முன்னறிவு தேவை | ஹான் தெரிய வேண்டும் | சிறிது போதும் | பௌத்தம், நடு ஆசியா | நான்கு அண்டை அரசுகள் |
| மறைந்த செலவு | எதிரிகள் எழுதிய வரலாறு | நீளம், அரண்மனைப் பெயர்கள் | ஒளியில் வேர் மறையும் | செழிப்பில் துயரம் மறையும் |
| தமிழ்த் தொடர்பு | இல்லை | ஊகம் மட்டும் | பல்லவர் தூது | சோழர் தூதுகள் |
| போதுமான காலம் | 1 மாதம் | 6 மாதம் | 8 மாதம் | 8 மாதத்துக்கு மேல் |

கடைசி வரிசை என் சொந்த மதிப்பீடு. வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் படிப்பவரை மனத்தில் வைத்துச் சொன்னது.

## ஹானில் தொடங்குகிறவருக்கு

தனிக் காரணம் எதுவும் இல்லாதவர் ஹானையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் லியூ பாங்கிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். முதல் மாதம் சாவ் சுவோவின் முறையீடும் தீயிங் கதையும். இரண்டும் சில பக்கங்கள்தான், பலமுறை படிக்கலாம். இரண்டாம் மாதம் யின்வான் எண்களைத் தாளில் எழுதி, நீங்களே வகுத்துப் பாருங்கள். எது பொருந்துகிறது, எது இடிக்கிறது என்று குறித்து வையுங்கள். மூன்றாம் மாதம் முழுவதையும் கி.மு. 81இன் விவாதத்துக்குக் கொடுங்கள். ஒரு வாரம் சாங் ஹோங்யாங்கின் பக்கம் நின்றும் ஒரு வாரம் படிப்பாளிகளின் பக்கம் நின்றும் படித்தால் இருவரின் நியாயமும் தைக்கும். பேரரசர்களின் வரிசையை நான்காம் மாதத்துக்கு ஒத்திவையுங்கள். அதற்குள் உங்களுக்குத் தெரிந்த உழவரும் எழுத்தரும் இருப்பார்கள், பேரரசர்களின் பெயர்கள் அவர்களைச் சுற்றித் தாமாக ஒட்டிக்கொள்ளும். காகிதமும் கருவிகளும் ஐந்தாம் மாதம்.

ஆறாவது மாதம் துன்ஹுவாங் பக்கத்துக்குப் போங்கள், சுவான்சுவான் நிலையத்துக்கு. கோழிக் கணக்கோடு, அங்கே மண்சுவரின்மேல் கி.பி. 5இல் எழுதிவைத்த அரசாணையையும் பாருங்கள். எந்த மாதத்தில் மரம் வெட்டக் கூடாது, எப்போது பறவைக் கூட்டைக் கலைக்கக் கூடாது, குட்டி விலங்கைக் கொல்லக் கூடாது என்று வழிப்போக்கர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டது அது. தலைநகரில் சொன்னது பாலைவன ஓரத்தில் ஒரு சுவர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சுவரைப் படித்து முடித்த கையோடு, அதே பாதையில் மேற்கே துர்ஃபான் வரை நடந்து, எழுநூறு ஆண்டு தள்ளி, சீக்கிரம் வீட்டுக்கு விடச் சொல்லும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் பாட்டைத் திறக்கலாம். தாங் அங்கிருந்து தொடங்கும்.